பதினோரு மணிக் குரல்

தவுபிக் ஆலை வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி ஒன்பதரை. எம். புதுப்பட்டிச் சாலையில் தார் இளகத் தொடங்கியிருந்தது.

கேட்டில் முப்பது பெண்கள் நின்றார்கள். நான்கு மாதம் பூட்டிக் கிடந்த பட்டாசு ஆலை இன்று திறக்கிறது. பதினோரு மணிக்கு அதிகாரி வருவார். அவர் முன்னால் ஒலிபெருக்கி பேச வேண்டும். அதற்காகத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூட்டத்தில் அருள்பாண்டி இருந்தான். லாரியில் லோடு ஏற்றுகிறவன். ஞானசுந்தரியின் கணவன்.

"வாங்க இஞ்சினியரே," என்றான். "இன்னைக்காச்சும் சத்தம் வருமா? இல்ல, இன்னைக்கும் அப்கிரேடா?"

யாரும் சிரிக்கவில்லை.

தவுபிக் போனையும் கைக்கடிகாரத்தையும் வாட்ச்மேனிடம் கொடுத்தான். அங்கே எல்லோரும் கொடுக்க வேண்டும். ஒரு பொறி போதும். கேட்டைத் தாண்டிய பிறகு யாருக்கும் நேரம் தெரியாது. ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்வதுதான் நேரம்.

அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மென்பொருள் போட்டுக் கொடுத்தது தவுபிக். அதோடு இணைத்து ஆலையைச் சுற்றி ஆறு கூம்பு ஸ்பீக்கர்கள். காலையில் ஓர் அறிவிப்பு, பதினொன்றுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. பதினொன்றுதான் முக்கியம். அதற்குமேல் வெக்கை ஏறிவிடும். வெடிமருந்து சலிக்கக் கூடாது.

குரல் ஞானசுந்தரியுடையது. அவள் பதினாலாம் ரூமில் மருந்து சலித்தாள். சிவகாசியில் அவன் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து பேசிக் கொடுத்தாள். ஒன்பது தடவை சிரித்துக் கெடுத்தாள்.

"என் குரலக் கேட்டு நானே எந்திரிச்சு ஓடணுமா தம்பி? நல்லா இருக்கு ஒங்க வேலை."

பத்தாவது தடவை சரியாகச் சொன்னாள். மணி பதினொன்னு. மருந்த அப்படியே வச்சிட்டு வெளிய வாங்க.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவுபிக் லினக்ஸை அப்கிரேடு செய்தான். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அறிவிப்பு வரவில்லை. பதினொன்று இருபதுக்குப் பதினாலாம் ரூம் வெடித்தது. ஞானசுந்தரியைச் சேர்த்து மூன்று பேர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி இராமகிருஷ்ணன் அண்ணாச்சி அவன் தோளில் கைபோட்டார்.

"சவுண்டு கார்டு போயிருச்சு தம்பி. அப்கிரேடு பண்ணா அப்படி ஆகுமாமே. கேஸ் ஒன் மேல வராம நான் பாத்துக்கிடுறேன். மிசின் கோளாறுன்னு ஒரு எழுத்து மட்டும் எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தான். மிசினைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து மூன்று பேரைக் கொன்றவன் தான்தான் என்ற நினைப்போடு எழுந்தான், கடை திறந்தான், மூடினான். இராமகிருஷ்ணன் மட்டும் வாரம் ஒருமுறை போன் செய்வார். "சாப்பிட்டியா தம்பி?" என்பார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் தவுபிக் அடுத்த வாரம்வரை இருந்தான்.

ஆபீஸ் அறை நான்கு மாதமாக மூடியே கிடந்திருந்தது. சுவரில் கந்தக வாசம். அதற்கு அடியில் வேறொரு வாசம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை அவன் அறிந்திருந்தான்.

போர்மேன் பாண்டிச்செல்வம் ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தார்.

"புதுக் குரல் பாய். அண்ணாச்சி மக ஹர்ஷினி பேசுனது. பழச அழிச்சுட்டு இத ஏத்திருங்க. அது இனிமே ஆகாது."

தவுபிக் கம்ப்யூட்டரை எழுப்பினான். புதியதை ஏற்றினான். பழையதை அழித்தான். அதற்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

புதிய குரலை ஓட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை.

எதிர்பார்த்ததுதான். புது சவுண்டு கார்டு பையில் இருந்தது. மாட்டுவதற்கு முன், பழக்கத்தில், கருவிகளின் பட்டியலைத் திறந்தான்.

கார்டு பட்டியலில் இருந்தது. டிரைவர் ஏறியிருந்தது. பிழை எதுவும் இல்லை.

செத்த கார்டு பட்டியலில் வராது.

மேசையில் இருந்த மைக்கை வைத்துக் கார்டைச் சோதித்தான். பத்து வினாடி ரெக்கார்டு செய்து ஹெட்போனில் கேட்டான்.

முதலில் இரைச்சல். பிறகு ஒரு சத்தம். சர். சர். சர்.

சல்லடை.

"மணி என்னக்கா?" என்றது ஓர் இளம் குரல்.

"இன்னும் சொல்லலயே. சொன்னா நிறுத்திருவோம்."

இரண்டாவது குரலை அவன் சற்றுமுன் அழித்திருந்தான்.

தவுபிக் ஜன்னல் வழியே பார்த்தான். பதினாலாம் ரூம் இருந்த இடத்தில் நான்கு மூலைக் கற்கள். கருத்த மண். மேலே வெயில். ஓர் ஆள்கூட இல்லை.

மறுபடி ரெக்கார்டு செய்தான்.

"வெக்கை தாங்கலக்கா."

"இருடி. சொல்லுவாக."

சர். சர்.

அவன் ஒலி அளவுகளைத் திறந்தான். எல்லாம் முழு அளவில் இருந்தன. ஒன்றைத் தவிர. வெளியே ஸ்பீக்கர்களுக்குப் போகும் வழி மூடப்பட்டிருந்தது.

அப்கிரேடு சில சமயம் அப்படி மூடிவிடும். அவனுக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் அவன் ஓட்டிப் பார்த்திருந்தான். குரல் கேட்டிருந்தது. கேட்டதாகத்தான் நினைவு. நான்கு மாதமாக அந்த நினைவை அவனே நம்பவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் யார் எந்தக் கட்டளையைத் தட்டினாலும் நேரத்தோடு பதிவாகும். அவன் செய்து வைத்த ஏற்பாடு. பதிவைத் திறந்தான்.

ஞாயிறு மாலை அவன் தட்டியவை. கடைசியாக அவன் குரலை ஓட்டிப் பார்த்தது.

திங்கள். பத்து ஐம்பத்திரண்டு. சத்தத்தை நிறுத்தும் கட்டளை. ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஏற்கப்படவில்லை.

பத்து ஐம்பத்து மூன்று. அதே கட்டளை. சரியாக.

மானிட்டரின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆபீஸ் லேண்ட்லைனில் பேசும்போது சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னதால் அவன் முன்பு எழுதிக் கொடுத்தது. முதல் வரி நிறுத்த. இரண்டாம் வரி திரும்பத் திறக்க.

இரண்டாம் வரியை யாரும் தட்டவில்லை.

"அண்ணே," என்றான். "அன்னைக்குப் பத்து அம்பத்து மூணுக்கு இந்தச் சேர்ல யாரு இருந்தது?"

பாண்டிச்செல்வம் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"லாரி நின்னுச்சு பாய். வடக்க போற ஆர்டர். இன்னும் அரை மணி நேரம் சலிச்சா லோடு முடிஞ்சிரும்னு அண்ணாச்சி சொன்னாக. நேரம் தெரிஞ்சா எந்திரிச்சிருவாளுகல்ல."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"ஒங்ககிட்ட சொல்லி? ஒரு தடவ பாத்திருந்தா ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நீங்கதான் பாக்கலயே."

இராமகிருஷ்ணன் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை. நெற்றியில் ஈரச் சந்தனம். திரையைப் பார்த்தார். தவுபிக்கின் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா தம்பி?"

தவுபிக் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"நாலு மாசம் நான் சோறு தின்னது இல்ல அண்ணாச்சி," என்றான். "ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீகளா?"

"எழுத்து ஒன்னோடது. கையெழுத்து ஒன்னோடது. அந்தா ஒட்டியிருக்கே, அதுவும் ஒன்னோடதுதான்." குரல் உயரவில்லை. "நான் ஒன்னக் காட்டிக் குடுத்தேனா? பதினொன்னுக்குப் புதுக் குரல் வரணும். வெளிய இருக்கவளுக முப்பது பேருக்கும் வேலை வேணும்."

அதிகாரியை எதிர்கொள்ள அவர் வெளியே போனார். பாண்டிச்செல்வம் வாசலோரம் நின்றுகொண்டார்.

தவுபிக் இரண்டாம் வரியைத் தட்டினான். வழி திறந்தது. ஆம்பிளிபயரை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டி, ஹர்ஷினியின் குரலை ஓட்டினான். மணி பதினொன்று, வெளியே வாருங்கள். பிறகு மைக்கைத் திறந்து கேட்டான்.

சல்லடை நின்றிருந்தது.

"இது யாருக்கா?"

"நம்ம குரல் இல்ல. பக்கத்துக் கம்பெனியா இருக்கும். நீ சலி."

சர். சர்.

அவர்களை நிறுத்தக்கூடிய ஒரே குரலை அவன்தான் அழித்திருந்தான். மைக்கை வாயருகே இழுத்தான்.

"அக்கா. தவுபிக் பேசுறேன். மணி ஆயிருச்சு. வெளிய வாங்க."

சல்லடை நின்றது.

"தவுபிக்கா?"

"ஆமாக்கா."

மூச்சு விடும் சத்தம். மிக அருகில். ஹெட்போனுக்குள் அல்ல, கழுத்தில் பட்டது போல.

"மிசின் கோளாறுன்னு எழுதிக் குடுத்தது நீதான?"

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அதிலிருந்து மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருந்தது. சர். சர்.

வெளியே ஜீப் வந்து நின்றது. பெண்களை உள்ளே விட்டார்கள். அருள்பாண்டி ஜன்னலுக்கு நேராக நின்றான். கம்ப்யூட்டரில் பத்து ஐம்பத்தொன்பது.

தவுபிக் புதிய குரலை நிறுத்தி வைத்தான். ஆம்பிளிபயரைப் போட்டான். மைக்கைப் பிடித்தான்.

"நான் தவுபிக் பேசுறேன்." ஆறு கூம்புகளும் அதைச் சொல்லின. "சவுண்டு கார்டு கெடவே இல்ல. அன்னைக்குப் பத்து அம்பத்து மூணுக்கு இந்த ஆபீஸ்ல இருந்துதான் நிறுத்துனாக. லோடு முடியணும்னு அண்ணாச்சி சொல்லி நிறுத்துனது. பதிவு இருக்கு. யார் வேணா வந்து பாக்கலாம்."

முற்றத்தில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்தாள்.

எழுதிக் கொடுத்ததைப் பற்றிச் சொல்ல அவன் நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. ஏமாந்தவன் நானும்தான் என்று நினைத்தான். இவ்வளவு போதும்.

பாண்டிச்செல்வம் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். ஆம்பிளிபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரும் அணைந்தது. இராமகிருஷ்ணன் கதவருகே நின்றார். பின்னால் அதிகாரி.

தவுபிக் மைக்கைக் கீழே வைத்தான்.

பிறகு ஸ்பீக்கர்கள் பேசின.

"நிறுத்துறதுக்கு வழி எழுதி ஒட்டுனது நான்."

தவுபிக்கின் குரல்.

"மிசினப் பாக்காமலே எழுத்துக் குடுத்தேன். கேஸ் வந்திரும்னு பயந்து குடுத்தேன். இப்பவும் அத மட்டும் விட்டுட்டுப் பேசினேன்."

அவன் உதடுகள் மூடியிருந்தன. பாண்டிச்செல்வத்தின் கையில் வயர் தொங்கியது. அருள்பாண்டி ஸ்பீக்கரைப் பார்த்தான். தவுபிக்கின் உதடுகளைப் பார்த்தான். மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தான்.

தவுபிக் வாயைத் திறந்தான்.

காற்று மட்டும் வந்தது.

தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றான். ஒன்றும் இல்லை. வெளியே, வெயிலில், அவன் குரல் தயங்கி நின்றது. சொல்ல இன்னும் ஏதோ இருப்பது போல.

அப்போது ஆறு ஸ்பீக்கர்களிலும் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்.

"ம். மேல சொல்லு தம்பி."