குடைப்பாறையில் ஓர் இடம்

பாறைக்கு அடியில் பரப்பியிருந்த உலர்ந்த புல்லில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்று நீளமானது, போன மாதம் வந்து படுத்த அவள் வீட்டுக்காரருடையது. கல்யாணமான நாளிலிருந்து அந்த உடம்புக்குச் சட்டை வெட்டித் தைப்பவள் அவள். தோள் எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே பெருத்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். இன்னொன்று குட்டை. முதல் பள்ளத்தை ஒட்டினாற்போல, பாறையின் உள்பக்கமாக, ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுத்த வாக்கில் இருந்தது. தையற்காரி முதுகுப்பையைக்கூட இறக்காமல் குனிந்து அதில் உள்ளங்கையை வைத்தாள். சுற்றியிருந்த புல் சருகாக நொறுங்கியது. அந்தக் குட்டைப் பள்ளம் மட்டும் ஈரம். தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்த யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல.

"இங்க யாருங்க படுத்திருந்தா?"

அவள் வீட்டுக்காரரான டிரைவர் நெருப்பு மூட்டக் கல் கூட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "மலைக்கு வர்றவங்க யாராச்சும் இருக்கும்."

"யாராச்சும்னா? ஆம்பளையா, பொம்பளையா?"

"புல்லைக் கேளு, சொல்லும்."

இந்த மாதிரி பதில்தான் அவளை மலையேற வைத்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனுஷன், பிள்ளைகளின் கூச்சலில் நாளெல்லாம் காது புண்ணாகிறவர், லீவு நாளில் வீட்டில் கால் நீட்டிப் படுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவர் மாதம் தவறாமல் ஒரு கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். மறுநாள் திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும், பேச்சு குறைந்திருக்கும். தெரு சும்மா இருக்குமா? லாண்டரி அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டே கேட்டாள்: "மெத்தையை விட்டுட்டு ஒருத்தர் பாறையில போய்ப் படுக்கிறார்னா, அந்தப் பாறைக்கு வளையல் சத்தம் கேக்குதான்னு பாரும்மா."

தெருவில் தையற்காரிக்கு ஏற்கெனவே பூதக்கண்ணாடி என்று பட்டம் உண்டு. அடுத்த வீட்டுக் கொடியில் காய்கிற துணியை வைத்தே அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடக்கூடியவள். தன் வீட்டு விஷயத்தில் மட்டும் கண்ணாடி மங்கிவிட்டதே என்பதுதான் அவளுக்குத் தாளவில்லை. அப்படி ஒருத்தி இருப்பது நிஜம் என்றால் மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது. தையல் மெஷினுக்கு உறை மாட்டி, கயிறு கூடக் கட்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். "நானும் வர்றேன்" என்று அவள் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் அவள் கண்ணிலேயே நின்றது.

குடைப்பாறை என்று அதற்குப் பெயர். ஆள் கட்டியதல்ல. மலையின் நெற்றி முன்னால் துருத்திக்கொண்டு நிற்க, அதன் கீழே ஆறேழு பேர் படுக்கிற அளவு தரை. வாய்ப்பக்கம் காற்றுக்கு அணையாக முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தார்கள். உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்து, கடைசியில் பாறையும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குக் கறுப்பாக ஒரு பிளவு. பூனைகூடப் புக முடியாது. கதவு இல்லாத இடத்துக்கு வழக்கம்தான் கதவு. பிந்தி வருகிறவர் வெளியே நின்று "இடம் இருக்கா?" என்று கேட்பார், உள்ளே இருப்பவர் "இருக்கு, வாங்க" என்று நகர்ந்து படுப்பார். எத்தனை பேர் நெருக்கியடித்துக் கிடந்தாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. இருட்டில் ஒருத்தரை மலையிலிருந்து தள்ளிவிடுவதும் அதுவும் ஒன்று. வரும் வழியில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த டிரைவர், கடைசியில் போகிற போக்கில் சொல்வது போல ஒன்றைச் சேர்த்தார்.

"ராத்திரி யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காத."

"ஏன், என் குரல் கேட்டா யாருக்காவது ஆகாதா?"

அவர் நடையை எட்டிப் போட்டார். பூதக்கண்ணாடிக்கு அது போதும்.

படுக்கிற இடத்திலும் ஒரு தகராறு. "நீ வெளிப்பக்கம் படு, நான் உள்பக்கம்" என்றார். எந்த ஊரில் பெண்டாட்டியைக் காற்றிலும் சாரலிலும் படுக்க வைத்துவிட்டுப் புருஷன் கதகதப்பாக உள்ளே படுப்பான்? அந்த ஈரப் பள்ளத்துக்கும் தனக்கும் நடுவே அவர் குறுக்கே கிடக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. அவள் தன் போர்வையை நேராக அந்தக் குட்டைப் பள்ளத்தின் மேலேயே விரித்தாள். அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றார்கள். பிளாஸ்க்கிலிருந்து டீயை அவள்தான் ஊற்றினாள். அவருடைய டம்ளரில் மட்டும் சளி மாத்திரை ஒன்றை நசுக்கிப் போட்டிருந்தாள். அதைத் தின்றால் அவர் வண்டியெடுக்க மாட்டார். தூக்கம் அப்படித் தள்ளும். வருகிறவளை இவர் முந்திக்கொண்டு திருப்பி அனுப்பிவிடக் கூடாது. நேருக்கு நேர் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தாள்.

"இன்னைக்கு என்ன இப்படிக் கண்ணைச் சுத்துது" என்றார் அவர். கொட்டாவிக்கு நடுவே அந்தக் குரலில் இருந்தது பயம் என்று அவளுக்குத் தெரிந்தது. மாட்டிக்கொள்ளப் போகிறவனுடைய பயம் என்று கணக்குப் போட்டாள்.

மழை பிடித்தது. பாறையின் விளிம்பிலிருந்து தண்ணீர் மணிச்சரம் போல இறங்கி, வெளியே இருந்த மரங்களையும் சரிவையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, கடைசியில் ஈர மண் வாசனையும், அவிந்த விறகின் புகையும், புருஷனின் குறட்டையும் மட்டும் மிச்சம் வைத்தது. அவள் கையிலிருந்த டார்ச் லைட்டை அணைத்துவிட்டு வாய்ப்பக்கத்தையே பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் புல் மெல்லிதாக முனகியது. முதுகுக்குப் பின்னால், பாறை தாழ்ந்து போகிற பக்கத்திலிருந்து, காற்று வர வழியே இல்லாத இடத்திலிருந்து, சில்லென்று ஒரு மூச்சு அவ்வப்போது வந்து கழுத்தைத் தொட்டுப் போனது. அதில் நாள்பட்ட கிணற்றின் வாடை. மழைக்காலத்தில் பாறை இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கேட்டது.

"இடம் இருக்கா?"

பெண் குரல். மரியாதையான, கொஞ்சம் கூச்சப்படுகிற குரல். மழையும் பாறையும் சேர்ந்து அதை எல்லாப் பக்கமும் சிதறடித்தன.

வந்துட்டியாடி, என்று தையற்காரியின் நெஞ்சு குதித்தது. பக்கத்தில் குறட்டை தடைபட்டது. அவர் கை ஒன்று எழுந்து, காற்றில் எதையோ தேடி, மாத்திரையின் கனத்தில் பொத்தென்று விழுந்தது. அவள் தன் குரலில் இருக்கிற சர்க்கரையை எல்லாம் சேர்த்துச் சொன்னாள்:

"இருக்கும்மா. வாங்க, உள்ள வாங்க. மழையில நிக்காதீங்க."

டார்ச் லைட்டை வாய்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

கல் அணை. அதற்கு அப்பால் மழைத் திரை. யாரும் அதை விலக்கவில்லை. காலடிச் சத்தம் இல்லை. குடை இல்லை, செருப்பு இல்லை. வெளிச்சத்தில் துளிகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன.

"வாங்கன்னு சொன்னேனே" என்றாள். சர்க்கரை குறைந்திருந்தது.

"சரிங்க" என்றது குரல். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

காதுக்குப் பின்னாலிருந்து.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பாறை இருக்கிற பக்கம் அது. வெறும் பாறை. ஒரு கைப் பிளவு.

"ஏங்க." அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, எந்திரிங்க. ஏங்க!"

அவர் இமை பாதி திறந்தது. நாக்கு குழறியது. "கேட்டுச்சா?"

"யாருங்க அது?"

"இல்லைன்னு சொல்லு... நான்தான் மாசாமாசம் வந்து இல்லைன்னு சொல்லிட்டுப் போறேன்... வரலைன்னா நம்ம வீட்டு வாசல்ல வந்து கேக்குதுடி..." இமை மூடப் போயிற்று. அதை ஒரு முறை, பெரும்பாடு பட்டு, மறுபடி திறந்தார். "இல்லைன்னு சொல்லிட்டேல்ல?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் மூழ்கிப்போனார்.

"இடம் இல்லை" என்றாள் அவள், பாறைக்கு முதுகைக் காட்டியபடியே. மறுபடி கத்தினாள். "இடம் இல்லை! இல்லை!"

முதுகுக்குப் பின்னால் புல் நொறுங்கியது. மெதுவாக. யாரோ ஒருவர் மற்றவர்களை எழுப்பிவிடாமல், பதவிசாக, இடுப்பை இறக்கி, பிறகு தோளை இறக்கிப் படுக்கிற சத்தம். போர்வையின் ஓரம் தூக்கப்பட்டது. குளிர் உள்ளே வந்தது. போர்வை மறுபடி இறங்கியது.

பிறகு இரண்டு பாதங்கள். ஈரமானவை. பனிக்கட்டி போன்றவை. தன் கெண்டைக்கால்களுக்கு இடையே அவை நுழைந்து சூடு தேடுவதை அவள் உணர்ந்தாள்.

இவர் பாதமாக இருக்கும். இவருடையதாகத்தான் இருக்கும். டார்ச் லைட்டை இறக்கிப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே, காலுறை போட்ட அவருடைய இரண்டு கால்களும் நீட்டியபடி அசையாமல் கிடந்தன.

"உள்ள வாங்க" என்றது பின்னால் இருந்த குரல், இப்போது அவளிடம் அல்ல, பிளவின் பக்கமாக, மிகவும் அன்பாக. "இடம் இருக்காம்."

புல் மறுபடி நொறுங்கியது. இன்னொரு ஜோடிப் பாதங்கள் முழங்காலுக்குக் கீழே வந்து ஒட்டின. சொரசொரப்பானவை, விரல்கள் நீண்டவை. அதற்கும் பின்னால் இன்னொரு ஜோடி. அதற்கும் பின்னால். ஒன்றுக்கொன்று வழிவிட்டு, நெருக்கி, நகர்ந்து. போர்வை மேடு மேடாக எழுந்து பாறைப் பிளவு வரைக்கும் போயிற்று.

கடைசியாக வந்தவை மிகவும் சின்னவை. அவளுடைய கால்களில் இடம் மிச்சமில்லை. அவை இடுப்பைத் தாண்டி மேலே ஏறி, அவள் அடிவயிற்றின் சூட்டில், இரண்டு உள்ளங்கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் பதித்துக்கொண்டன.