மழையில் கூடாரத்தைத் தொடக் கூடாது

கூடாரத்தின் இடது சுவரில், படுத்தபடி கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், ஓர் ஈரப்புள்ளி இருந்தது. நெரிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருண்டு திரண்டு சொட்டியது.

"எலின், துணியைத் தொட்டியா?"

"நான் தொடலம்மா."

"பின்ன யாரு, ஆட்டுக்குட்டி வந்து தொட்டுச்சா?"

"நான் இங்கேல்ல உக்காந்திருக்கேன்!"

அவள் சொன்னது உண்மைதான். எலின் வலது ஓரத்தில் சீட்டுக்கட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு தனக்குத் தானே ஆடி, தனக்குத் தானே தோற்றுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து இடது சுவரைத் தொட வேண்டுமானால் அம்மாவைத் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

மழையில் கூடாரத் துணியைத் தொடக் கூடாது. பருத்தித் துணி நனைந்து நூல் ஊதிக்கொண்டால் அதன்பின் ஒரு சொட்டையும் உள்ளே விடாது. விரல் பட்ட இடத்தில் மட்டும் ஒழுகும். ஒருமுறை ஒழுக ஆரம்பித்தால் மழை விடும்வரை நிற்காது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவள் கணவன் எமிர் இதைத் தொண்டை வறளக் கத்துவான். அதற்கு ஒரு வைத்தியமும் அவனே சொல்லிக்கொடுத்திருந்தான். ஒழுகும் இடத்தில் விரலை வைத்து, எடுக்காமல் அப்படியே கீழே ஓரம் வரை இழுக்க வேண்டும். தண்ணீர் சொட்டாமல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விடும். கத்தியது எதுவும் மகன் குட்டோவின் காதில் ஏறவில்லை. வைத்தியம் மட்டும் ஏறிவிட்டது. கோடு இழுக்கும் ஆசைக்காகவே அந்தப் பயல் வேண்டுமென்று துணியைத் தொடுவான். அவன் படுக்கிற பக்கம் முழுக்கக் கோடும் வளைவுமாக இருக்கும். இது நம்ம ஊருக்குப் போற ரோடு, இது ஆத்துக்குப் போற ரோடு என்று பெயர் வேறு வைப்பான்.

நெரிஸ் அந்தப் புள்ளியில் விரலை வைத்து நேராகக் கீழே இழுத்துவிட்டாள். சொட்டுவது நின்றது.

அது குட்டோவின் இடம். அவனுடைய படுக்கைப் பையை யாரிடமும் சொல்லாமல் அவள் மூட்டையில் திணித்துக் கொண்டுவந்திருந்தாள். விரிக்கும்போது எமிர் பார்த்தான். பார்த்துவிட்டு, வெளியே போய்க் கயிறுகளைத் தளர்த்தினான். நனைந்தால் கயிறு சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும் என்பதற்காகத்தான் தளர்த்துவது. ஆனால் அப்போது மழை தொடங்கியிருக்கவில்லை.

எட்டு வருடமாக இதே புல்வெளி, ஆற்றங்கரை ஆல்டர் மரங்களுக்குக் கீழே இதே இடம். காரின் தலையில் பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் முக்கி முனகி வந்து சேர்வார்கள். எமிர் இரும்புச் சட்டியில் பன்றி இறைச்சியை வாட்டுவான். கருகிவிடும். கருகினால்தான் ருசி என்று நியாயம் பேசிக்கொண்டே அவன் தின்ன, பிள்ளைகள் அவனைக் கேலி செய்துகொண்டே தின்பார்கள். வருடத்தில் மிச்ச நாளெல்லாம் நெரிஸுக்கு இந்தப் பத்து நாளுக்கான காத்திருப்பாகத்தான் இருந்தது. சந்தோஷம் என்று யாராவது சொன்னால், நசுங்கிய புல்லின் வாசமும் மண்ணெண்ணெய் அடுப்பின் வாசமும்தான் அவளுக்கு நினைவுக்கு வரும்.

பால் கெடாமல் இருக்கப் புட்டியின் கழுத்தில் கயிறு கட்டி ஆற்றில் போட்டு, கயிற்றின் மேல் கல்லை வைத்துவிடுவார்கள். விடிந்ததும் போய் இழுத்துவருவது குட்டோவின் வேலை. ஆறு வயதில் அவனுக்கென்று இருந்த ஒரே உத்தியோகம். எலின் போகிறேன் என்றால்கூட விடமாட்டான். போன வருடம் இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலையில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, கதவு நாடாவின் கீழ் முடிச்சை அவிழ்த்து, அதன் வழியாகத் தவழ்ந்து வெளியேறி, பால் எடுக்கப் போனான். ஆறு இரவோடு இரவாக ஏறியிருந்தது.

இந்த வருடம் வரக் கூடாது என்றுதான் இருந்தார்கள். எலின்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள், "நாம போகலன்னா அவன் அங்க தனியா இருப்பான்ல?" எமிர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். நெரிஸ் அன்றே கூடாரத்தைப் பரணிலிருந்து இறக்கினாள்.

பண்ணைக்கார மெகன் அவர்களைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தாள். "மேல் வயல்ல போட்டுக்கோங்கம்மா. அங்க இடம் நல்லா இருக்கு" என்றாள். எமிரும் அதையேதான் சொன்னான். நெரிஸ் கேட்கவில்லை.

இந்தத் தடவை பாலை ஆற்றில் போடுவது என்ற பேச்சே எழவில்லை. பால் என்ற சொல்லே யார் வாயிலிருந்தும் வராததால் வாங்கவும் மறந்து போனார்கள். மாலையில் தேநீர் வைத்த பிறகுதான் தெரிந்தது. எலின் கறுப்புத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நான் பண்ணைக்குப் போய் வாங்கிட்டு வரேன். கதவக் கட்டிக்கோ" என்று எமிர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனான்.

போய் வெகுநேரம் ஆகிவிட்டது. மெகன் உட்காரவைத்து அழுதுகொண்டிருப்பாள். எமிருக்கு எழுந்து வரத் தெரியாது.

மழை சீராகப் பெய்தது. வெளியே மீந்திருந்த வெளிச்சம் ஆரஞ்சுத் துணியில் வடிந்து உள்ளே வந்து எல்லாவற்றின் மேலும், ரொட்டிப் பலகையின் மேலும் அதிலிருந்த எமிரின் மடக்குக் கத்தியின் மேலும், ஒரு பழுத்த நிறத்தைப் பூசியிருந்தது. மரங்களுக்கு அப்பால் ஆறு, பக்கத்து அறையில் பெரியவர்கள் பேசுவதுபோல விடாமல் முணுமுணுத்தது. ஈரக் கம்பளி வாடை. எங்கோ ஓர் ஆடு செருமியது. மனிதர் செருமியதைப் போலவே இருந்ததால் நெரிஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பியபோது இடது சுவரில் இன்னொரு கோடு இருந்தது.

அவள் இழுத்த கோடு நேராக இறங்கியிருந்தது. இது அதன் பக்கத்தில் கோணலாக இறங்கி, ஓரத்தை நெருங்கும்போது ஒரு வளைவு வளைந்து நின்றது. அதற்கு மேலே ஈரம் ஒரு புள்ளியாக இல்லை. சின்னதாக நான்கும், சற்றுத் தள்ளி ஒன்றும், நடுவே ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டமும்.

நெரிஸுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவளுக்குச் சந்தோஷம் வந்தது. வயிற்றிலிருந்து எழும்பி நெஞ்சை அடைத்துக்கொண்டு, ஒரு வருடமாக வராத சந்தோஷம் வந்தது.

"அம்மா," என்றாள் எலின். குரல் இறங்கியிருந்தது. சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டாள். "பால் எடுக்கப் போகணுமாம்."

"யாரு சொன்னா?"

"குட்டோ. அவனால தனியா இழுக்க முடியலயாம். என்னையும் வரச் சொல்றான்."

"எப்ப சொன்னான்?"

"இப்பத்தான். உனக்குக் கேக்கலயா?"

நெரிஸ் காதைக் கொடுத்துக் கேட்டாள். மழை. ஆறு. அவளுக்கு வேறொன்றும் கேட்கவில்லை. பெற்றவளுக்குக் கேட்காமல் அக்காவுக்குக் கேட்கிறதே என்று, அந்த நேரத்திலும், ஒரு பொறாமை அவளுக்குள் குத்தியது.

அவன் வெளியே நிற்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். இந்த மழையில், மேல்சட்டைகூட இல்லாமல், துணியில் கையை வைத்து வைத்து அம்மாவைத் தேடிக்கொண்டு. "நனையாதடா செல்லம்," என்று வாய்விட்டே சொன்னாள். எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தாள். உள்ளே வாடா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்போது இன்னொரு கை பதிந்தது. அவள் கண்ணெதிரே.

துணி உள்ளே அமுங்கவில்லை. வெளியே புடைத்தது. ஐந்து சின்ன விரலும் உள்ளிருந்து வெளியே தள்ளின. தள்ளிவிட்டு எடுத்தன. துணி நிமிர்ந்தது. ஈரம் பரவியது.

அவன் வெளியே இல்லை.

அடுத்தது ஒரு முழம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் ஒரு முழம். சுவரைத் தடவிக்கொண்டே போகிறான். இருட்டில் எழுந்த குழந்தை வீட்டில் போவதைப்போல. கதவைத் தேடிக்கொண்டு போகிறான்.

கீழ் நாடா அசைந்தது.

கீழ் முடிச்சு. அவனுக்கு எட்டுகிற முடிச்சு.

"கூடாது!" நெரிஸ் பாய்ந்து அதைப் பிடித்தாள். நாடா சில்லென்று இருந்தது. ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொன்று. மேல் நாடா, நடு நாடா எல்லாவற்றையும் இழுத்து, பல்லால் கடித்து இறுக்கினாள். "எங்கயும் போகக் கூடாது. பாலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அம்மா சொல்றேன்ல!"

"கட்டும்மா. நல்லாக் கட்டு." எலின் அழ ஆரம்பித்திருந்தாள். "தொறந்தா அவன் போயிடுவான். என்னையும் கூட்டிட்டுப் போயிடுவான்."

நெரிஸ் நடுவில் வந்து உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். அவளுடைய கையைத் தன் வலது கையில் பிடித்தாள். சூடாக, வியர்த்து இருந்தது. இடது கை தரையில் கிடந்தது, குட்டோவின் படுக்கைப் பையின் மேல்.

அந்தக் கைக்குள் ஏதோ வந்து நுழைந்தது.

சின்னக் கை. நெடுநேரம் தண்ணீரில் கிடந்தால் சுருங்குமே, அப்படிச் சுருங்கிய விரல்கள். ஐந்தும் அவள் விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக வந்து கோத்துக்கொண்டன. சாலையைக் கடக்கும்போது கோத்துக்கொள்வதுபோல.

அவள் குனிந்து பார்க்கவில்லை. விடவும் இல்லை.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஆற்றின் பேச்சு மாறியிருந்தது. பக்கத்து அறையில் இல்லை இப்போது. வாசலுக்கு வந்திருந்தது. சேற்று வாடை. பிறகு சத்தம் நான்கு பக்கமும் கேட்டது. தரை விரிப்பு மெல்ல எழும்பித் தணிந்தது, அடியில் எதுவோ மூச்சு விடுவதுபோல. மறுபடி எழும்பியது. தணியவில்லை.

"நெரிஸ்!" எமிர். தூரத்தில். பிறகு கிட்டத்தில், தண்ணீரை மிதித்துக்கொண்டு. "நெரிஸ், ஆறு ஏறிடுச்சு! புள்ளையத் தூக்கிட்டு வெளிய வா!"

கைவிளக்கின் வெளிச்சம் துணியில் மோதிச் சிதறியது. அவன் கதவைப் பிடித்து இழுத்தான். முடிச்சுகள் உள்பக்கம் இருந்தன. நனைந்து இறுகியிருந்தன.

"ஏன் இப்படிக் கட்டி வச்சிருக்கே? அவுத்து விடு! கத்தி உள்ளதான் இருக்கு, அறுத்து விடு!"

"அம்மா, அப்பா வந்துட்டாங்க. விடும்மா. நான் அவுக்கிறேன், கைய விடும்மா."

இடது கைக்குள் விரல்கள் துடித்தன. கதவுப் பக்கம் இழுத்தன. திறந்தால் போய்விடுவான். ஒரு முடிச்சு போதும். அவனுக்கு ஒரு முடிச்சு போதும்.

"அம்மா, தண்ணி வருது! அம்மா!"

சீட்டுகள் மிதந்தன. கத்தி இருந்த பலகையும் மிதந்து, சுற்றி, எட்டாத மூலைக்குப் போனது. எமிர் துணியில் அறைந்தான். அறைந்த இடத்திலெல்லாம், பெரிய கைகள் பட்ட இடத்திலெல்லாம், ஒழுகியது. அவன் கையிலிருந்து விழுந்த புட்டி வெள்ளத்தில் அடித்துவந்து கூடாரத்தில் முட்டியது. கண்ணாடிச் சத்தம். டக். டக்.

இடது கைக்குள் இழுப்பு நின்றது. கவனிக்கிறான்.

"பார்த்தியாடா கண்ணு," என்றாள் நெரிஸ். அவள் குரல் அமைதியாக இருந்தது. தண்ணீர் மடியைத் தாண்டியிருந்தது. "பால் தானா வந்துடுச்சு. இனிமே யாரும் எங்கயும் போக வேண்டாம்."

எமிர் முளைகளைப் பிடுங்கத் தொடங்கியிருந்தான். துணி ஒரு பக்கமாகச் சரிந்து, கனத்து, அவர்கள் தலைமேல் இறங்கியது. எலின் இழுத்தாள். கடித்தாள். பிறகு அவ்வளவாக இழுக்கவில்லை.

நெரிஸ் இரண்டு கைகளையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் இருந்ததும், இடது கையில் இருந்ததைப் போலவே, குளிர்ந்துகொண்டே வந்தது.