பாதி மிட்டாய்

ஐசியூவுக்குள் ஓர் எறும்பு. பெரிய டாக்டரே செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டிய இடம். ஜன்னல் கிடையாது, வெளியே வெயிலா மழையா என்பதுகூடத் தெரியாது. அங்கே அது யாரையும் கேட்காமல் கட்டில் கம்பியில் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

கட்டிலில் நான்கு வயதுப் பையன். கார் விபத்து; நினைவு திரும்பவில்லை, மூச்சையும் மெஷின்தான் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. சர்க்கரை வியாதியே இல்லாத பிள்ளைக்கு, உடம்பு படுகிற பாட்டில் ரத்தத்தில் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. அதற்காக ஒரு பம்ப் இன்சுலினைத் துளித்துளியாக உள்ளே அனுப்பியது. மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை ஏறினால் இன்சுலினைக் கூட்ட வேண்டும், இறங்கினால் குறைக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் காலைவரை அவன் அக்கா இருந்தாள். இப்போது சலவை விரிப்பு மட்டும்தான் இருந்தது.

நர்ஸ் பையனின் விரலில் குத்தினாள். நானூற்றுப் பத்து.

போன தடவையைவிட அதிகம். இவ்வளவு இன்சுலினுக்கும் அடங்காமல் அடம்பிடிக்கிற சர்க்கரையை அவள் கண்டதில்லை. பம்ப்பைக் கூட்டக் கை நீட்டினாள். அப்போதுதான் ஸ்பிரிட் வாசனைக்கும் பினாயில் வாசனைக்கும் அடியிலிருந்து இன்னொரு வாசனை மெதுவாக மேலே வந்தது. ஆரஞ்சு மிட்டாய்.

பையனின் நெற்றி வியர்த்திருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தாள், ஐந்து விரலும் பிசுபிசுத்தன.

மீட்டர் காட்டியது ரத்தத்தின் சர்க்கரையை அல்ல, விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை. அதை நம்பி அவள் இன்சுலினை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். தண்ணீரில் கழுவித் துடைத்து, மறுபடி குத்தினாள்.

முப்பத்தொன்று. இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தால் பிள்ளை போயிருக்கும்.

பம்ப்பை நிறுத்திவிட்டுக் கத்தினாள். டாக்டர் ஓடிவந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்.

"விரலைத் துடைக்காமலா குத்தினீங்க?"

"ஸ்பிரிட் போட்டுத்தான் துடைச்சேன் டாக்டர். பிசுக்கு போகலை."

"யார் உள்ளே வந்தது?"

"யாருமே வரலையே."

"அவங்க அம்மாவைக் கேளுங்க. நான் பார்த்துக்கறேன்."

அம்மா கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். ஊரிலிருந்து அப்பா வந்து சேரட்டும் என்று, பெண் போன விஷயத்தை அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

"பையன் கையில மிட்டாய் ஏதாவது வச்சீங்களாம்மா?"

"என்னை உள்ளேயே விடலையே சிஸ்டர்." பிறகு லேசாகச் சிரித்தாள். "மிட்டாய்னா அவன் அக்காதான். ஆரஞ்சு மிட்டாய்னா உசிரு. ஆனா வாயில போட்டதைக்கூடக் கடிச்சுப் பாதி தம்பிக்குக் கொடுத்துடுவா. அவன் இல்லாம எங்கேயும் போகமாட்டா. இப்ப எப்படி இருக்கா சிஸ்டர்?"

நர்ஸ் கதவில் கை வைத்தாள். "பார்த்துச் சொல்றேன்மா," என்று உள்ளே திரும்பினாள்.

டாக்டர் இல்லை. வேறு கட்டிலில் ஏதோ அவசரம். திரைக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. அக்காவின் கட்டிலில், காலையில் நர்ஸ் இழுத்து விரித்த விரிப்பு நடுவில் குழிந்திருந்தது. அந்தக் குழியிலிருந்து தரைக்கு எறும்பு வரிசை. தரையிலிருந்து பையனின் கட்டிலுக்கு.

கழுவி, நீட்டி வைத்திருந்த அவன் கை மூடியிருந்தது. பிரித்தாள்.

பாதி மிட்டாய். பல் பதிந்திருந்தது. ஈரம் காயவில்லை.

டிக். டிக்.

பம்ப். நிறுத்திய பம்ப். ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டுகிற பட்டனின் மேல் எறும்புகள் மொய்த்திருந்தன, சின்ன விரல்நுனி அளவுக்கு. அவள் பார்க்கப் பார்க்கப் பட்டன் அமுங்கியது. எண் ஏறியது. மறுபடி அமுங்கியது.

பம்ப்பின் டியூபைப் பிடுங்கப் பாய்ந்தாள். கை நகரவில்லை. கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

குனிந்து பார்த்தாள். யாருமில்லை. ஆனால் அவள் விரல்களை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிசுபிசுவென்று.