கீழ்வீடு வாடகைக்கு

தை பிறந்து வெயில் சுள்ளென்று ஏறிய பிறகும் மாடிக் கூடத்துத் தரை மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. அடுக்களையில் நின்றால் சூடு, பால்கனியில் நின்றால் சூடு. கூடத்தில் கால் வைத்தால் மட்டும் ஆற்றுக்குள் இறங்கிய மாதிரி உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை குளிர் ஏறியது.

"டைல்ஸ் போட்டவன் நல்லா ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்றாள் குந்தவை.

துரைராசு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெள்ளம் வந்த வீடு. ஈரம் இருக்கத்தான செய்யும்."

"வெள்ளம் வந்தது கீழ்வீட்டுல. நாம இருக்கிறது மாடி. தண்ணி செவுத்தப் புடிச்சு ஏறி வருமாக்கும்?"

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்துக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்தே அவர் எதிர்த்துப் பேசினதில்லை. வாயில்லாப் பூச்சி என்று அவர் காது படவே சொல்வாள். அதற்கும் பேப்பரைத்தான் புரட்டுவார்.

திருவிடைமருதூர் போகும் சாலையில், முழுக்க வயலாக இருந்த இடத்தில் மண் கொட்டி எழும்பியது பொன்வயல் நகர். ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டு, தண்ணீர் வழி கேட்காமல் தெருவுக்குள் புகுந்து, ஜன்னல் உயரத்துக்கு நின்றுவிட்டுப் போனது. குந்தவை அத்தனையையும் மாடியிலிருந்தே பார்த்தாள். சோபாவை நடுத்தெருவில் போட்டு அழுதவர்கள், நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள், ஊறிப்போன கல்யாண ஆல்பத்தைக் கொடியில் காயப்போட்டவர்கள். இதுகளுக்கெல்லாம் சொந்த வீடு ஒரு கேடு என்று நினைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு அப்துல் ரஹ்மான் சுவரின் பூச்சை அடிவரை பெயர்த்தெடுத்து, கதவு ஜன்னலையெல்லாம் மார்கழி முழுக்கத் திறந்தே போட்டிருந்தார். வீட்டுக்குக் காற்று காட்ட வேண்டுமாம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பார்க்கிற பக்குவம்தான். அவள் வாய்விட்டே சிரித்தாள்.

அவளுக்கு அந்தப் பைத்தியக்காரத்தனம் எதுவும் கிடையாது. கீழ்வீட்டு ஈரச் சுவரின் மேலேயே வெளிர்மஞ்சள் பெயிண்டை அடிக்கச் சொன்னாள். ஜன்னல்களை இழுத்துச் சாத்தினாள். "கொஞ்ச நாள் தொறந்து கெடக்கட்டுமே. உள்ள நிக்கிறது வெளிய போவட்டும்" என்று துரைராசு முனகியபோது, "எது நிக்குது? நீங்கதான் வாசல்ல மரமா நிக்கிறீங்க" என்றாள். பூட்டைப் போட்டு, கேட்டில் வாடகைக்கு என்று பலகை மாட்டினாள்.

உள்ளே முன்பு குடியிருந்த ரெத்தினத்தின் மரக்கட்டிலும் ஒரு துடைப்பமும்தான் மிச்சம். அவன் தையல்காரன். தண்ணீர் வந்த அன்று மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு நன்னிலத்துக்குப் போனவன், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. போன் போட்டுக் கட்டிலை எடுத்துப்போகச் சொன்னாள்.

"வேணாங்கம்மா. அது அங்கயே இருந்துட்டுப் போவட்டும். அவங்களுக்கும் படுக்க எதுனா வேணும்ல."

"எவங்களுக்கு?"

அவன் வைத்துவிட்டான். குடித்திருப்பான் என்று எண்ணினாள். அவன் குடிக்கிறவனில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அப்படி எண்ணுவதில் ஒரு திருப்தி இருந்தது.

வீடு பார்க்க வந்தவர்கள் ஜெனித்தும் அவன் மனைவி பிரின்ஸியும். அவன் பள்ளிக்கூட வாத்தியார். அவள் மெலிந்த பெண், வாய் திறக்காதவள். குந்தவை பூட்டைத் திறந்தாள். சுவரெல்லாம் புதுசாகப் பளபளத்தது. பெயிண்ட் வாடைக்கு அடியில் வேறொரு வாடை: தண்ணீர் வற்றிய குளத்தின் சேற்றைக் கிளறினால் வருமே, அது. கட்டில் கூடத்து மூலையில் கிடந்தது.

பிரின்ஸி உள்ளே போனாள். நடை சட்டென்று மெதுவானது. இடுப்பளவு வயல் தண்ணீரில் நடப்பவளைப் போல இரண்டு கைகளையும் சற்று விரித்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். கூடத்து நடுவில் நின்று கன்னம் உப்ப மூச்சை அடக்கினாள். மின்விசிறி ஓடவில்லை. காற்று அறவே இல்லை. அவள் துப்பட்டாவின் இரண்டு முனைகளும் தோளிலிருந்து மேலே எழும்பி, அங்கேயே ஆடிக்கொண்டு நின்றன.

அவள் திரும்பிப் பாய்ந்து வெளியே வந்து, படியில் உட்கார்ந்து இருமினாள். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

"காது அடைக்குது ஆன்ட்டி. மூச்சே விட முடியல. நீங்க எப்படிங்க இதுக்கு மேல இருக்கீங்க?"

"வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. நாடகம் எதுக்கு?"

ஜெனித் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். நல்ல வீட்டில் இருந்து பழக்கமில்லாத ஜனம் என்று குந்தவை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். துப்பட்டாவைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. கூடத்துக்குள் போகாமல், வெளியே நின்றபடியே கையை நீட்டிக் கதவை இழுத்துப் பூட்டினாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. பனி இறங்கித் தெரு சாம்பல் பூத்திருந்தது. துரைராசு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். அவள் கூடத்தில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தபோது, காலுக்கு நேர் கீழே ஏதோ இடித்தது.

டொக்.

மரம் காரையில் இடிக்கிற சத்தம். தரையில் இழுபடுகிற சத்தமில்லை; அடியிலிருந்து மேல்நோக்கி முட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்தின் மறுபக்கம் இடித்தது. படகுத்துறையில் கட்டிய படகு அலைக்கு அலை கரையில் முட்டுமே, அந்த நிதானம். அவள் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

"கட்டில் மாதிரி இருக்கு" என்றார் துரைராசு, பால்கனி வாசலில் வந்து நின்று.

"கட்டில் தரையில கெடக்கு. சத்தம் கீழ்வீட்டுக் கூரையில முட்டுற மாதிரி இருக்கு. எவனோ உள்ள பூந்துட்டான். போய்ப் பாருங்க."

"வெளிச்சம் வரட்டுமே குந்தவை. காலையில பாத்துக்கலாம்."

"இன்னும் இருட்டக்கூட இல்ல. ஒரு கட்டில் சத்தத்துக்குப் பயப்படுற ஆம்பளையோட காலம் தள்ளினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. பூட்டு திறந்தது. கதவு திறந்தது. கதவு மூடியது.

இடிப்பது நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள். கீழேயிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தது. சர்... சர்... துடைப்பத்தால் கூட்டுகிற சத்தம், ஆனால் கனத்து, இழுத்து, ரொம்ப தூரத்திலிருந்து வருவது போல. இருட்டில் கூட்டிக்கொண்டிருக்கிறார், மனுஷனுக்கு மூளை அவ்வளவுதான் என்று நினைத்தாள். கூப்பிட்டாள். கூட்டுகிற சத்தம் நிற்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. தரையின் குளிர் இப்போது இடுப்பு வரை ஏறியிருந்தது.

இறங்கினாள்.

கீழ்வீட்டு வாசலில் அவர் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. படி காய்ந்திருந்தது. தெருவே காய்ந்திருந்தது. கதவைத் தள்ளினாள். அசையவில்லை. உள்ளே ஒரு கூட்டமே முதுகைக் கொடுத்துச் சாய்ந்திருப்பது போல அத்தனை கனம். மரத்தில் கை வைத்த இடம் மெல்ல அதிர்ந்தது.

"என்னங்க."

சர்... சர்...

ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி முழுக்கப் பழுப்பு. முந்தானையால் துடைத்தாள். பழுப்பு போகவில்லை. அது உள்பக்கம் இருந்தது. முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள்.

தண்ணீர்.

தரையிலிருந்து கூரை வரை. சேற்றுத் தண்ணீர், ஐப்பசித் தண்ணீர், ஒரு சொட்டும் வெளியே கசியாமல் வீடு நிறைய நின்றது. கட்டில் கூரையில் ஒட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே, மங்கிய மஞ்சளாய் டார்ச் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் துரைராசு. தரையில் நின்றார். வேட்டி குடையாக விரிந்து மிதந்தது. கையில் துடைப்பம். நிதானமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மட்டும் இல்லை.

சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள். பெண்கள். மடியில் குழந்தைகள். ஆளுக்கொரு துணிமூட்டை. கடைசிப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் பொறுமை. தலைமுடி எல்லோருக்கும் மேல்நோக்கி நின்று, பாசி போல ஆடியது. ஒரு முகமும் அவளுக்குத் தெரியாது. இந்த நகரில் எவரும் சாகவில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். இவர்கள் இங்கத்தியவர்கள் இல்லை. எங்கெங்கோ எந்தெந்த வருஷமோ ஆறு கொண்டுபோனவர்கள். இறங்க இடம் தேடி வந்தவர்கள்.

துரைராசு திரும்பினார். அவளைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் இத்தனை வருஷத்தில் கண்டதில்லை. வாய் அசைந்தது. குமிழி ஒன்றும் எழவில்லை. சொன்னது அவளுக்குப் புரிந்தது.

"ஆளு வந்தாச்சு."

ஓடவேண்டும். கால் வரவில்லை. கத்தவேண்டும். வாய் திறந்தது, மூச்சுக்குப் பதில் சேற்று ருசி நாக்கில் இறங்கியது. எதிர்வீட்டில் அப்துல் ரஹ்மான் வீட்டு ஜன்னல்கள் திறந்து கிடந்தன. உள்ளே யாரோ பேசிச் சிரிப்பது கேட்டது. பத்தடி தூரம்தான். அவர் பெயரைச் சொல்ல நாக்கு புரளவில்லை.

உள்ளே துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, துரைராசு கதவை நோக்கி நடந்தார். மெதுவாக. ஒவ்வொரு காலாக. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைத் திருப்பி, ஜன்னலைப் பார்த்தார்கள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

சுவரோரம் இருந்தவர்களில் ஒருத்தி, குந்தவையின் வயதுதான் இருக்கும், மடியிலிருந்த மூட்டையைத் தூக்கி மறுபக்கம் வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு குந்தவையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தன் பக்கத்தில் காலியான தரையை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் காட்டினாள்.