நீலத்திட்டுக்கு ஓர் ஆளுநர்

ஆளுநர் தும்மினார். சபையில் இருந்த அனைவரும் எழுந்து நின்றார்கள். அவர் தும்மியது பூமியில், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு. டைட்டன் நிலவின் மீத்தேன் கடலில் மிதக்கும் நீலத்திட்டுத் தீவில் அதை இப்போது நிகழ்த்திக் காட்டியது அவருடைய பதிலுடல். தலைநகரில் அவர் சொல்வதையும் செய்வதையும் இங்கே அப்படியே சொல்லிச் செய்யும் உலோக உருவம். ஆளுநர் தேர்தலில் தோற்றவர். தோற்றவரை எங்கேயாவது உட்காரவைக்க வேண்டுமே, தீவுகள் வேறு எதற்கு?

"ஐயா, கீழ்த்தளத்துல காத்து குறைஞ்சிட்டே இருக்கு. சேமிச்ச காத்துக் கலனைத் திறக்க உத்தரவு வேணும்" என்றாள் காற்றுப் பொறியாளர் செங்கமலம். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கீழ்த்தளத்தில்தான் இருந்தார்கள்.

கேள்வி பூமிக்குப் போய்ப் பதில் வர மூன்று மணி நேரம் ஆனது. "முதலில் 'மாண்புமிகு' சேர்த்துக் கேட்கவும்."

"போய்யா!" என்றாள் செங்கமலம். நேரே போய்க் கலனைத் திறந்தாள். கீழ்த்தளம் மூச்சுவிட்டது.

தலைநகருக்கு ரோஷம் வந்தது. 'அவ்வளவு திமிரா? உங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நீங்களே ஆண்டுகொள்ளுங்கள்' என்று இணைப்பைத் துண்டித்தது. பதிலுடல் காதைக் குடைந்த விரலோடு அப்படியே உறைந்து நின்றது.

தீவே கொண்டாடியது. பிறகு சபை கூடியது.

"செங்கமலத்தையே போடுங்க" என்றது கீழ்த்தளம்.

சபைச் செயலர் தணிகாசலம் மேல்தளத்துக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தங்கமான பொண்ணு, யாரு இல்லேன்னா? ஆனா கீழ்த்தளத்து ஆளுக்கு நாம எழுந்து நிக்கிறதுன்னா..."

"நீங்க இழுக்குற மூச்சே நான் அனுப்புறதுதான்யா!"

"மூச்சு வேற, மரியாதை வேறம்மா."

"அப்போ நீங்களே நில்லுங்களேன்."

"நான் நின்னா என் பங்காளியே ஓட்டுப் போடமாட்டான்."

வாக்குகள் எண்ணப்பட்டன. பதிலுடல் பெருவாரியாக வென்றிருந்தது.

"அதுக்குள்ள யாருமே இல்லையே!" செங்கமலம் கத்தினாள்.

"அதனாலதான்மா. எந்தத் தளத்து ஆளுன்னு ஒருத்தனும் கேக்க முடியாது பாரு."

அடுத்த வாரமே கீழ்த்தளத்தில் மறுபடி காற்று குறைந்தது. செங்கமலம் கலனுக்கு ஓடினாள். வாசலில் மேல்தளத்துக் காவலர்கள், கையில் தடியோடு. "ஆளுநர் உத்தரவு இருக்கா?"

சபைக்கு ஓடினாள். எல்லோரும் பதிலுடலின் முன் கைகட்டி நின்றிருந்தார்கள்.

"புள்ளைங்க சாகுதுங்கய்யா!"

தணிகாசலம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்.

"கத்தாதேம்மா. ஐயா யோசிக்கிறாரு."