பஞ்சில் ஒட்டிய பழுப்பு

அழித்த டேப்பில் எதுவும் இருக்கக் கூடாது. ஓட்டிப் பார்த்தால் திரையில் வெள்ளை மணல் கொதிக்க வேண்டும், ஸ்பீக்கரில் ஒரே சீரான இரைச்சல் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த இரைச்சலுக்கு அடியில், மூக்கடைத்த குழந்தை வாயால் மூச்சு விடுவதுபோல ஏதோ கேட்டது இவியேவுக்கு.

ஒலியைக் குறைத்தாள். கூட்டினாள். டேப் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏ.சி. மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. சுவருக்கு அப்பால் ஸ்டுடியோ காலி. டிவி நிலையம் சாயங்காலம்தான் ஒளிபரப்பைத் திறக்கும். பாலைவனத்திலிருந்து வரும் ஹார்மட்டான் காற்று பெனின் நகரத்துச் செம்மண்ணை அள்ளிக் கூரைத் தகரத்தில் வீசுகிற சரசரப்பும், கொல்லையில் ஜெனரேட்டரின் இருமலும், சூடேறிய மெஷினின் ரப்பர் வாடையும் தவிர அந்த அறையில் வேறொன்றும் இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. இழுத்தது. விட்டது.

கேசட்டை வெளியே எடுத்துப் புரட்டினாள். புதுச் சீட்டுக்கு அடியில் பழைய சீட்டு பாதி கிழிந்து நின்றது. அவளுடைய கையெழுத்து. ‘சிறுவர் நேரம்’.

ஓமொரேகி பக்கத்து அறையில் ரொட்டிக்குள் அகாரா வடையை அமுக்கித் தின்றுகொண்டிருந்தான். இன்ஜினியரிங் பிரிவில் அவளுக்கு இளையவன். வாய் மட்டும் எல்லாருக்கும் மூத்தது. கேசட்டைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

“இத யாரு அழிச்சது?”

“நான்தான் மேடம்.”

“எல்லாத்தையுமா?”

“கவர்னர் டூர் வருது, புது டேப் இன்னும் கப்பலவிட்டு எறங்கல, இருக்கறத அழிச்சு வையின்னு சீஃப் கத்துனாரு. நீங்க லீவுல இருந்தீங்க. பாப்பா அதுல இருந்துச்சேன்னு எனக்கு அப்புறந்தான் உறைச்சுது.”

“தின்ன மட்டும் முன்னாடியே உறைக்குமாடா ஒனக்கு?”

“நாலு அறை விட்டுடுங்க, இத்தோகானம்மா. வாங்கிக்கறேன்.”

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. மகள் இத்தோகான் செத்துப்போன பிறகு, அவளுடைய அம்மா என்கிற அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில், தெருவில், சந்தையில், எல்லாரும் ஒரே நாளில் அவளை இவியே ஆக்கிவிட்டார்கள். பெற்றவர்களுக்கு முன்னால் போகும் குழந்தையின் குழியைப் பெற்றவர்கள் பார்க்கக் கூடாது. பாயில் சுருட்டி விடியலில் எடுத்துப் போனார்கள். எங்கே என்று அவளிடம் சொல்லவில்லை. புருஷனின் அண்ணன் வந்து சட்டைகளை, செருப்பை, சுவரில் இருந்த ஒரே போட்டோவை மூட்டை கட்டினார். “கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அடுத்தது தங்காதும்மா” என்றார். கெட்ட மனிதர் இல்லை. மூட்டையைத் தூக்கும்போது அவரும் அழுதார்.

தினமும் மாலைச் செய்திக்கு முன்னால் சாவு அறிவிப்புகளை ஓட்டுகிறவள் இவியேதான். கழுத்து நிறையப் பவழம் போட்ட கிழவர்கள், லேஸ் உடுப்புப் பாட்டிகள், பேரன் பேத்திப் பெயர்கள். ஏழு வயதில் போனதற்கு அறிவிப்பு கிடையாது. மகளின் முகம் பூமியில் மிச்சம் இருந்த ஒரே இடம் இந்த டேப்.

“நல்லா அழிச்சியா?” என்றாள்.

“அவசரத்துல வெடுக்குன்னு எடுத்துட்டேன். கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இருக்கும். ஏன்?”

அவள் டேப் அறைக்குத் திரும்பினாள். அழிக்கிற காந்தத்தின் மேலிருந்து டேப்பை மெதுவாக விலக்காவிட்டால் பழையதில் சொச்சம் நிற்கும். எந்த ஆபரேட்டரும் செய்யக் கூடாத தப்பு. அந்தத் தப்புக்காக அவனைக் கும்பிடலாம் என்று இருந்தது.

மறுநாள் மணலுக்குள் ஒரு நிழல் தெரிந்தது. அதற்கு மறுநாள் அது பெஞ்சு ஆனது. பெஞ்சில் ஒரு குழந்தை, முதுகைக் காட்டிக்கொண்டு. கறுப்பு நூல் சுற்றி முள்ளுமுள்ளாக நிறுத்திய முடி. இவியே சுற்றிவிட்ட முடி.

படம் பிடித்த அன்று அப்படித்தான் நடந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, வீட்டில் பார்க்கும் அம்மாவுக்குக் கையாட்ட வேண்டும். இத்தோகானுக்குத் தெரியும், அம்மா வீட்டில் இல்லை, பின்சுவருக்கு அந்தப் பக்கம் டேப் ஓட்டுகிறாள் என்று. அவள் கேமராவுக்கு முதுகைக் காட்டிச் சுவருக்குக் கையாட்டினாள். ஸ்டுடியோவே சிரித்தது. நிகழ்ச்சி நடத்தும் பெண் தோளைப் பிடித்துத் திருப்பினாள். திரும்பிய முகத்தில் முன்பல் இல்லாத சிரிப்பு.

அந்தத் திரும்பல் வர வேண்டும். அது ஒன்று போதும்.

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தலை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியது. காது தெரிந்தது. அடுத்த தடவை கன்னத்தின் ஓரம். வீட்டில் யாரோடும் பேசாமல், மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஓட்டினாள், ரீவைண்ட் செய்தாள், ஓட்டினாள். ஓட்டி முடித்ததும், நாடாவை உரசிப் படிக்கிற மெஷினின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சில் பழுப்புத் தூள் ஒட்டியது. பழைய டேப் உதிர்வது சகஜம். ஆனால் இது அதிகம். மர அறுவை மில்லில் பலகை சுமந்து வளர்ந்தவள் அவள். ரம்பத்துக்கு அடியில் குவியும் தூளைப் பார்த்தே உள்ளே மரம் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவாள். பஞ்சை மேஜை ஓரத்தில் வைத்தாள். அடுத்ததையும் அதன் பக்கத்தில் வைத்தாள். குப்பையில் போட மனம் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் இரைச்சலில் குரல் வந்தது.

“வலிக்குதும்மா.”

இவியே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்களில் வழிந்தது. முடிக்கு நூல் சுற்றும்போது, முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, மகள் எப்போதும் சொல்வது அது. மெதுவாம்மா. வலிக்குதும்மா.

“ஆச்சுடி தங்கம். இதோ முடிஞ்சிரும்” என்று திரையிடம் சொன்னாள்.

ரீவைண்ட் செய்தாள்.

கதவைத் தட்டிவிட்டு ஓமொரேகி உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“வெறும் மணலப் பார்த்து எதுக்கு அழறீங்க?”

“ஒனக்குத் தெரியலையா?”

“மேடம், வீட்டுக்குப் போங்க. சீஃப்ட்ட நான் பேசிக்கறேன். அந்த டேப்பையும் குடுங்க, நாளைக்கு கவர்னருக்கு எண்ணி எடுத்து வச்சாச்சு.” மெஷினிலிருந்து கேசட்டை எடுத்து, மூடியைத் தூக்கி நாடாவை வெளிச்சத்தில் பிடித்தான். “அய்யய்யோ. தேஞ்சு கண்ணாடியா கெடக்கு. இது ஒண்ணுத்துக்கும் ஆகாது. இன்னும் ஒரு தடவ ஓட்டுனா அந்தப் பக்கம் தெரியும்.” அப்புறம் மூக்கைச் சுருக்கினான். மேஜையைச் சுற்றிப் பார்த்தான். பஞ்சு ஒன்றை எடுத்து முகர்ந்தான்.

“யாரு இங்க தலைக்கு எண்ணெய் தேச்சது?”

செம்பனைக் கொட்டை எண்ணெய். கறுப்பாக, கருகின வாசனையோடு, காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வராமல் இருக்க உச்சியிலிருந்து கால்வரை தேய்ப்பது. அந்தக் கடைசி ராத்திரி அவள் தேய்த்தது.

ஓமொரேகி பஞ்சைக் கீழே வைத்தான். விரலைச் சட்டையில் துடைத்தான். மறுபடி துடைத்தான். கேசட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே போனான்.

அவள் கதவைத் தாழிட்டாள்.

கேசட்டை உள்ளே தள்ளினாள். மெஷின் அதை விழுங்கியது. நாடா சுற்றிக்கொள்ளும் சத்தம், பிறகு ஹெட் அதன்மேல் உராயும் மெல்லிய கீச்சு. இத்தனை நாள் அதைச் சத்தமாகவே அவள் நினைத்ததில்லை. இன்று அது தனியாகக் கேட்டது. தோலை நகத்தால் சுரண்டுவதுபோல.

பெஞ்சு. முதுகு. நூல் சுற்றிய முடி. குழந்தை சுவருக்குக் கையாட்டியது.

காது. கன்னம்.

“வலிக்குதும்மா.”

“இதோ. இதோடா. ஒரே ஒரு தடவை.”

திரும்பியது.

நெற்றியிலிருந்து மோவாய்வரை எதுவும் இல்லை. கண் இல்லை. மூக்கு இல்லை. முன்பல் இல்லாத அந்த வாய் இல்லை. வழவழவென்று, தேய்ந்த நாடாவைப்போல, பின்னால் இருந்த சுவர் அதன் வழியாகத் தெரிந்தது. சுற்றிலும் ஓரம் மட்டும் செதில் செதிலாக உரிந்து நின்றது. அந்த ஓரத்திலிருந்து மூச்சு வந்தது. இழுத்தது. விட்டது.

மேஜையில் வரிசையாகப் பஞ்சுகள். எல்லாவற்றிலும் பழுப்பு. எல்லாம் ஈரமாக இருந்தன.

குழந்தை கையைத் தூக்கி, திரைக்கு வெளியே அம்மா இருக்கும் பக்கம் நோக்கி ஆட்டியது. சரியான பக்கம்.

படம் முடிந்தது. மணல்.

ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ. வெளிச்சம் பட்டிருக்குமோ. இன்னும் ஒரு தடவை.

அவள் விரல் ரீவைண்ட் பொத்தானைத் தேடிப் போனது. விரல் தொடும் முன்பே மணல் விலகியது. திரைக்குள் குழந்தை எதிர்க்காமல், பழகிய பிள்ளையாக, மெல்லத் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூல் சுற்றக் கழுத்தைக் கொடுப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டது.