இளையவளின் கோட்டு

கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே இருந்த சிற்றறையில் நிற்கும்வரை மூத்தவளுக்கு அது நன்றாகவே கேட்டது. ஈரத்துணியால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தால் எழுமே, அப்படி மெல்லிய கீச்சொலிகள், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கின. எலிகளின் சிரிப்பு அது. மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியைத் தாழ்த்தி நமக்குக் கேட்கவைக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை இளையவள் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்திருந்தாள். மூத்தவள் உள்ளே காலெடுத்து வைத்தாளோ இல்லையோ, பெட்டி ஊமையாகிவிட்டது.

வெளியே உச்சிவெயில். உள்ளே கும்மிருட்டு. எலிகளுக்கு இரவுதான் விழித்திருக்கும் நேரம். ஆராய்ச்சிக்காரர்கள் வேலைக்கு வருவதோ பகலில். அதனால் இந்த அறையில் பொழுதையே திருப்பிப் போட்டிருந்தார்கள். இரவெல்லாம் விளக்கு எரியும், பகலில் இருட்டு. எலியின் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மூலையில் எரியும். அந்த வெளிச்சத்தில் இளையவள் ஒரு வெள்ளெலியை மல்லாத்தி, அதன் கழுத்தடியில் விரல்களால் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தாள். எலி மூத்தவளைப் பார்த்தது. சட்டென்று புரண்டு இளையவளின் கோட்டுக் கைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"என்னக்கா, சாப்பிட வரலையா?"

"நீ போ. எனக்குப் பசிக்கல."

"மத்தியானம் நம்ம ரெண்டு பேரோட வகுப்பும் இருக்கே. வெறும் வயித்தோட நிக்காதீங்க."

அக்கறை! இந்த அக்கறையை வைத்துத்தானே ஊரையே மயக்கி வைத்திருக்கிறாள் என்று மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். பல்கலைக்கழகத்தின் விலங்குக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு எலியை நோகாமல் கையாளப் பழக்குவது மூத்தவளின் வேலை. வாலைப் பிடித்துத் தூக்காதே, இரண்டு கையாலும் ஏந்து. ஊசி போடும் முன் உன் கையை அது மோந்து பார்க்கட்டும். கண் இடுங்கி, கன்னம் தட்டையாகி, காது பின்னால் சாய்ந்தால் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம். இந்த ஊழியத்தில் அவளை விட்டால் ஆளில்லை என்றிருந்த காலத்தில்தான், வீட்டில் சும்மா இருந்த கால்நடை மருத்துவரான இளையவளுக்கு அவளே வலியப்போய் சிபாரிசு செய்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

வந்தவள் முதலில் மாணவர்களைப் பிடித்தாள். பிறகு எலிகளை. வீட்டில் மாமியார் ஏற்கெனவே அவள் பக்கம். சின்னவள் கை பட்டால் வெந்நீர்கூட ருசிக்கும் என்பார். அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற மகள் காய்ச்சலில் கிடந்தபோது, "சித்தி வரட்டும்" என்று இவள் கையைத் தள்ளிவிட்டாளே, அதை எந்த வயிறு தாங்கும்?

இப்போது இயக்குநரும் சொல்லிவிட்டார். பயிற்சிப் பிரிவுக்கு ஒரே தலைமைதான் இருக்கும். "ரெண்டு பேரும் பாடம் எடுங்க. யார் கைக்கு எலி பயப்படாம வருதோ, அவங்களே பாத்துக்கட்டும்." விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் சொன்னார். மூத்தவளுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

இளையவள் கோட்டுக் கைக்குள் இருந்த எலியைக் கூண்டில் விட்டாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கதவுப் பூட்டில் தேய்த்து, சிற்றறையில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியேறினாள். வெளிக்கதவு கனமாக மூடிக்கொண்டது. எலிகள் அரண்டுவிடக் கூடாதென்று பஞ்சு வைத்துத் தைத்த கதவு அது. அதைத் தாண்டி உள்சத்தம் வெளியே போகாது, வெளிச்சத்தம் உள்ளே வராது.

மூத்தவள் அதற்குத்தான் காத்திருந்தாள். எலி முகத்தை நம்பாது, மணத்தைத்தான் நம்பும். இளையவளின் மணத்தோடு ஒரு கை வந்து வாலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்கினால், கழுத்தைத் தரையோடு அழுத்தினால், அந்த மணமே அதற்கு எமனாகிவிடும். வகுப்பில் இளையவள் கையை நீட்டுவாள், எலிகள் கூண்டின் கோடிக்கு ஓடும், அதை எல்லாரும் பார்ப்பார்கள். மாணவர்களிடம் எதையெல்லாம் செய்யாதே என்று படித்துப் படித்துச் சொன்னாளோ, அதையெல்லாம் செய்யப்போகிறாள். கொஞ்ச நேரம்தான், எலும்பெல்லாம் முறியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அட்டையைத் தேய்த்து உள்கதவைத் திறந்தாள். அது மூடிவிடாதபடி காலால் அணைத்துக்கொண்டு, தன் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, இளையவளின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். உடம்புச் சூடு அதில் இன்னும் ஆறவில்லை. சோப்பும் சூரியகாந்தி விதையும் லேசான வியர்வையும் கலந்த வாசனை. பையில் விதைகள் சலசலத்தன. உள்ளே வந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பெட்டி சிரித்தது.

எல்லாக் கூண்டிலும் எலிகள் முன்னால் வந்து நின்று, கம்பியைப் பற்றி, மூக்கைத் துடிக்கவிட்டு, இத்தனை வருடத்தில் அவளுக்காக ஒருநாளும் எழாத அந்தக் கீச்சொலியை அறை நிறையக் கொட்டின. ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த கணமே, இது தனக்கில்லை என்று உறைத்தது. தினமும் இதைத்தான் அவள் அனுபவிக்கிறாளா?

கூண்டைத் திறந்தாள். எலி தானாகக் கையில் ஏறியது. வாலைப் பிடித்தாள். தூக்கினாள். உலுக்கினாள்.

பெட்டி கீச்சிடுவதை நிறுத்தியது. தாழ்ந்த, நீண்ட, கம்மிய ஒரு ஓலம் அதிலிருந்து வந்தது. அவள் எலியைக் கீழே வைத்துக் கழுத்தை அழுத்தினாள். ஓலம் நீண்டது. கையை எடுத்தாள். எலி அசையாமல் உட்கார்ந்து அவளையே பார்த்தது. அதன் கண் இடுங்கவில்லை. கன்னம் உருண்டையாகத்தான் இருந்தது. காது நேராக நின்றது.

வலியே இல்லாத முகம்.

ஓலம் மட்டும் நிற்கவில்லை.

அடுத்த கூண்டைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. எல்லா எலிகளும் அமைதியாக நின்றன, வாயைத் திறந்தது ஒன்றுகூட இல்லை. பிறகு எது அழுகிறது? பெட்டி பழுதோ என்று அதைக் கையில் எடுத்தாள். கூண்டுகளின் அருகே கொண்டுபோனால் ஓலம் தேய்ந்தது. தன் பக்கம் திருப்பினால் வலுத்தது. நெஞ்சருகே கொண்டுவந்தாள். காது கிழிந்துவிடும் போல் அலறியது.

பெட்டி கை நழுவி, தரையில் சிந்திக் கிடந்த கூண்டு வைக்கோலில் விழுந்தது.

"யாரு?" என்று கேட்க நினைத்தாள். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. பெட்டிதான் கத்தியது.

கதவுக்கு ஓடினாள். உள்ளிருந்து திறக்கவும் அட்டை வேண்டும். அட்டை அவள் கோட்டில் குத்தியிருந்தது. அவள் கோட்டு கதவுக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டினாள். கைவலிக்கத் தட்டினாள். அந்த வெளிக்கதவைத் தாண்டி யாருக்குக் கேட்கும்? அலமாரியின் எஃகுக் கதவில் சிவப்பாக ஒரு முகம் தெரிந்தது. இடுங்கிய கண். ஒட்டிய கன்னம். மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிற அதே முகம்.

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

திறந்த வெளியில் நிற்க முடியவில்லை. முதுகுக்கு ஏதாவது வேண்டும் போலிருந்தது. அடித்தட்டுக் கூண்டுகளுக்கும் சுவருக்கும் இடையே ஒடுங்கி உட்கார்ந்தாள். முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிடரியில் இளையவளின் காலர் உரசியது. அந்த வாசனை. சனியன் பிடித்த வாசனை. அதில் முகத்தைப் புதைத்தால்தான் மூச்சு சீராக வந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. எலிகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

வெளிக்கதவு திறந்தது. காலடிகள். பேச்சுக்குரல்கள்.

"என் கோட்டை காணோமே... சரி, அக்காவோடத போட்டுக்கறேன்."

உள்கதவு திறந்தது. இயக்குநர், மாணவர்கள், அவர்களுக்கு முன்னால் இளையவள். அவள் மேல் மூத்தவளின் கோட்டு. அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

அது என்னோடது! கழட்டுடீ! என்று மூத்தவள் கத்தினாள். வைக்கோலில் கிடந்த பெட்டி ஓலமிட்டது.

மாணவர்கள் குனிந்து பார்த்தார்கள். யார் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. ஒருத்தி கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்க, கிட்ட கூட்டமா வராதீங்க," என்றாள் இளையவள். அவளது வகுப்புக் குரல், வீட்டில் காய்ச்சல்கார மகளைத் தூங்கவைத்த குரல். "இது கொஞ்சம் பயந்த சுபாவம். யாரோ முரட்டுத்தனமா நடத்தியிருக்காங்க. முகத்த பாருங்க, கண்ணு எப்படி இடுங்கியிருக்கு."

"கடிக்குமா மேடம்?"

"கடிக்காது. ஏங்கிப்போயிருக்கு. அவ்வளவுதான்."

குனிந்து உட்கார்ந்து, கையை மூடி மெதுவாக நீட்டினாள். மூத்தவள் சுவரோடு சுவராக ஒட்டினாள். தொடாதே. தொடாதே. கை காத்திருந்தது. அவள் மூக்கு அதுவாக முன்னால் போனது. மோந்தது. இளையவளின் விரல்கள் காலருக்குள் நுழைந்து, பிடரியில் மெல்லப் படிந்து, அசைந்தன.

பெட்டி சிரித்தது.

மாணவர்கள் வியந்து முணுமுணுத்தார்கள். இயக்குநர் தலையாட்டினார். மூத்தவளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, பெட்டி சிரித்துக்கொண்டே இருந்தது.

"அவ்வளவுதான். இப்ப அடுத்தத பாப்போம்."

விரல்கள் விலகின. இளையவள் எழுந்து பக்கத்துக் கூண்டைத் திறந்து, அங்கிருந்த வெள்ளெலியை இரண்டு கையாலும் ஏந்திக் கொஞ்சினாள். மூத்தவள் அதைப் பார்த்தாள். வயிறு பற்றி எரிந்தது. நாலு காலில் ஊர்ந்து முன்னால் வந்தாள், அந்த எலியை முட்டித் தள்ளினாள், இளையவளின் கைக்கு அடியில் தன் கழுத்தை நீட்டினாள்.